எம்ஜிபி-யின் பின்பக்கப் பட்டையும் ஷாக்கும் வீட்டிலேயே மாற்றலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: அப்பா வைத்திருந்த 1969 எம்ஜிபி ரோட்ஸ்டருக்கு (கூரை இல்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கும் (வளைந்த இரும்புத் தகடு ஸ்பிரிங்) லீவர் ஷாக்கும் புதிதாக வந்துவிட்டன, பெங்களூரு ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் அபார்ட்மென்ட் பேஸ்மென்டிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நீங்களே மாட்டிவிட முடியுமா, மாட்டினால் டிரைவர் பக்கம் முக்கால் இன்ச் தாழ்ந்து நிற்பது நேராகுமா. இது இரண்டு கேள்வி. மாட்ட முடியுமா என்றால் முடியும், ஆனால் ஒரு நாளில் வேண்டாம், தனியாகவும் வேண்டாம். சாய்வு போகுமா என்றால், வண்டியைப் பார்க்காமல் என்னால் மட்டுமல்ல, யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்ல முடியும், அதையும் பட்டையில் கை வைப்பதற்கு முன்பே செய்ய வேண்டும்.

நான் கலாசிபாளையத்தில் லாரிப் பட்டறையில் தொழில் பழகியவன், கடந்த 28 வருடமாகப் பழைய கார் வேலைதான். லாரிக்கும் எம்ஜிபி-க்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள், பின்பக்கம் இரண்டுக்கும் ஒரே சங்கதிதான். பட்டையின் நடுவில் ஆக்ஸில் உட்கார்ந்திருக்கும், யூ போல்ட் கட்டிப் பிடித்திருக்கும், முன்கண், அதாவது பட்டையின் சுருண்ட முன்முனை, பாடியில் நேராகப் பூட்டியிருக்கும், பின்கண் ஷாக்கிள் என்கிற தொங்கு இணைப்பில் ஊஞ்சல் மாதிரி ஆடும். ஆக்ஸிலை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கத் தனியாக ஒரு கம்பியும் கிடையாது. இஞ்சின் தள்ளுகிற விசை, பிரேக் இழுக்கிற விசை, வண்டியின் எடை மூன்றையும் அந்த இரண்டு பட்டைகள்தான் சுமக்கின்றன. பட்டறையில் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம், ஒவ்வொரு நட்டைத் திருப்புவதற்கு முன்பும் "இப்போது எடை எங்கே நிற்கிறது?" என்று கேட்டுக்கொள்வது. கீழே நான் எழுதப்போகிற எல்லாமே அந்த ஒரு கேள்வியில் இருந்து வருவதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். வண்டியின் உயரத்தைத் தீர்மானிப்பது பட்டை, ஷாக் இல்லை. பள்ளத்தில் விழுந்து எழுந்த பிறகு பட்டை தொடர்ந்து ஆடாமல் ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான் ஷாக்கின் வேலை. உங்கள் வண்டியில் இருப்பது ஆம்ஸ்ட்ராங் வகை லீவர் ஷாக், வெளியே ஆடும் ஒரு கை, உள்ளே ஆயிலும் பிஸ்டனும் வால்வும்தான். அது எடையில் ஒரு கிராம்கூடத் தாங்காது. அதனால் ஷாக் மாற்றினால் சாய்வு போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

இப்போது சாய்வு. பழைய எம்ஜி-க்கள் டிரைவர் பக்கம் சாய்வது ஊரறிந்த விஷயம். பெரும்பாலும் ஒரே ஆள் மட்டும் உட்கார்ந்து ஓட்டிய வண்டிகள், பல வருடம் அந்தப் பக்கப் பட்டையே கூடுதலாக அமுங்கி அமுங்கித் தளர்ந்துவிடும். ஆனால் பின்பக்கம் தாழ்ந்து தெரிந்தாலே குற்றம் பின்பக்கத்தில்தான் என்று அர்த்தம் இல்லை. முன்பக்கச் சுருள் ஸ்பிரிங் ஒன்று தளர்ந்திருந்தாலும் பாடி முழுவதும் அந்தப் பக்கம் சாயும், பின்னாலும் தாழ்ந்துதான் தெரியும். அதற்கு ஒரு சோதனை உண்டு. முன்பக்கக் கிராஸ்மெம்பரின், அதாவது குறுக்கே போகும் கெட்டியான இரும்புச் சட்டத்தின், சரியான நடுவில் ஜாக்கி வைத்து, முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பும் வரை தூக்குங்கள். இப்போது முன்பக்கம் ஒரே புள்ளியில் நிற்கிறது, அதனால் பாடியை இடமோ வலமோ சாய்க்கும் பலம் அதற்கு இல்லை. பின்பக்க உயரத்தை அளந்து பாருங்கள். சாய்வு போய்விட்டது என்றால் குற்றம் முன்னால். அப்படியே இருக்கிறது என்றால் பின்பட்டையில். இதைச் செய்யும்போது பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்திருக்க வேண்டும், வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது.

அளப்பதிலும் ஒரு விஷயம். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் தரை பார்க்கச் சமமாக இருக்கும், ஆனால் தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவு கொடுத்துத்தான் தளம் போட்டிருப்பார்கள். கொத்தனார்கள் வைத்திருக்கிற டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய அந்தக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாய், அதை வாங்கி நான்கு சக்கரம் நிற்கும் இடத்தையும் சரிபாருங்கள். தாழ்ந்த இடத்தில் மெல்லிய பிளைவுட் துண்டு வைத்துச் சமமாக்கிவிட்டு அளக்க வேண்டும். தரையில் இருந்து அளக்காதீர்கள், சக்கரத்தின் நடுப்புள்ளியில் இருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளங்கள், அப்போது டயர் காற்று கூடக் குறைய இருந்தாலும் அளவு கெடாது. நான்கு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்த ஒரு வண்டியில் சாய்வு என்று பட்டை மாற்றி, அதன் பிறகும் சாய்வு என்று இன்னொரு ஜோடி மாற்றியிருந்தார்கள். தரைதான் அரை இன்ச் சரிவு, மீதி முன் ஸ்பிரிங். இரண்டு ஜோடிப் பட்டைக் காசு வீணாகப் போனதை அந்த வண்டிக்காரரிடம் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்து, வந்திருக்கும் பட்டை உங்கள் வண்டிக்கு உரியதுதானா என்று பாருங்கள். எம்ஜிபி 1962-இல் இருந்து 1980 வரை வந்தது. 1974 பிற்பகுதியில் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தபோது அமெரிக்க உயர விதிகளுக்காக வண்டியையே ஒரு இன்ச் தூக்கிவிட்டார்கள். அந்தப் பிந்தைய வண்டிக்கான பட்டையை உங்கள் குரோம் பம்பர் வண்டியில் போட்டால், பின்பக்கம் வெட்டுக்கிளி மாதிரி எழும்பி நிற்கும். ஜிடி என்கிற கூரை வைத்த மாடலுக்கும் எடை அதிகம் என்பதால் பட்டை இன்னும் விறைப்பு. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் பாகத்தின் எண்ணை விற்றவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். யூ போல்ட், ரப்பர் பேட் வாங்கும்போது உங்களுடையது டியூப் ஆக்ஸில் என்று சொல்லி வாங்குங்கள், ஆரம்பகால ரோட்ஸ்டர்களில் இருந்தது பான்ஜோ ஆக்ஸில். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், நட்டுகளும் புதிது. அளவு கொடுத்தால் கம்பி வளைத்து யூ போல்ட் செய்து தரும் கடைகள் நம் ஊரில் உண்டு, ஆனால் அது என்ன இரும்பு என்று தெரியாமல் ஆக்ஸிலை அதன் பொறுப்பில் விட எனக்கு மனம் வராது.

பானா செட்டும் சரியானதாக வேண்டும். இது இன்ச் அளவு வண்டி. 1/2 இன்ச் என்பது 12.7 மில்லிமீட்டர், 13 பானா கொஞ்சம் லூஸாக உட்கார்ந்து நட்டின் முனைகளைத் தின்றுவிடும். 9/16 என்பது 14.3, அதற்கு 14 ஏறாது, 15 சுழலும். துருப்பிடித்த நட்டில் இது மன்னிக்காது. எஸ்.ஜே.பி. ரோட்டில் தேடினால் இன்ச் செட் கிடைக்கும்.

இந்த வேலையில் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது துரு. எம்ஜிபி-க்குத் தனிச் சேஸி கிடையாது, தகடுகளை வெல்டு செய்து சேர்த்த பாடியேதான் சேஸி. பட்டையின் முன்கண் மாட்டும் ஹேங்கர் அந்தத் தகட்டில்தான் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, சீட்டுக்குப் பின்னால், இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொங்குகிற பெட்டிகள். 50 வருட ஆசிட் ஆவியும் நம் ஊர் மழைச் சேறும் சேர்ந்து அந்த மூலையை என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு சின்னச் சுத்தியால் ஹேங்கரைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று பேசும். தட் தட் என்று சத்தம் செத்துப்போனாலோ, ஸ்குரூடிரைவர் முனையால் குத்தினால் பெயிண்ட்டுக்கு அடியில் பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ, வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். முதலில் வெல்டிங், பிறகுதான் பட்டை. புதுப் பட்டை விறைப்பாகத் தள்ளும், செத்த தகடு அதைத் தாங்காது.

சரி, தகடு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முந்தின இரவே எல்லா நட்டிலும் துரு இளக்கும் ஆயில் அடித்து வையுங்கள். காலையில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், வண்டி தரையில் நிற்கும்போதே பின்சக்கரத்தை லேசாக இளக்குங்கள். ஸ்போக் வீல் என்றால் இரண்டு பக்கமும் மரை எதிரெதிர்த் திசை, இளக்கும் திசை நட்டிலேயே பொறித்திருக்கும். பின் டிஃபரன்ஷியலுக்கு அடியில் டிராலி ஜாக்கி வைத்துத் தூக்கி, பாடிக்கு இரண்டு ஸ்டாண்டு கொடுக்க வேண்டும், பட்டையின் முன்ஹேங்கருக்குச் சற்று முன்னால், கெட்டியான பெட்டிப் பகுதியில். வழவழப்பான எபாக்ஸி தரை என்றால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் கனமான பிளைவுட் போடுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஒருபோதும் வேண்டாம், அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டில் நிறுத்தியதும் இடுப்பால் வண்டியை இடித்து அசைத்துப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போது விழட்டும்.

இப்போது பாடியின் எடை ஸ்டாண்டில், ஆக்ஸிலின் எடை ஜாக்கியில். அந்த ஜாக்கியை எடுக்காதீர்கள், இனி அதுதான் உங்கள் மூன்றாவது கை. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள், மறுபக்கப் பட்டை இருந்தால்தான் ஆக்ஸில் தன் இடத்தில் நிற்கும். சக்கரத்தை எடுத்துவிட்டு, ஷாக்கின் கையில் இருந்து இறங்கும் லிங்கை முதலில் விடுவியுங்கள். அப்புறம் ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டே பட்டையின் வளைவைக் கவனியுங்கள். எடை கழியக் கழியப் பட்டை வில்லாகும், ஒரு கட்டத்தில் அதற்கு மேல் வளையாமல் நிற்கும், அதுதான் அதன் ஓய்வு நிலை. இறக்கும்போது ஆக்ஸிலுக்குப் போகும் பிரேக் ஹோஸில் ஒரு கண் இருக்கட்டும், பாடிக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரே ரப்பர்தான், இழுபட்டால் உள்ளே கிழியும், வெளியே தெரியாது. ஆக்ஸில் கீழே இறங்குவதைக் கட்டுப்படுத்தும் கேன்வாஸ் ஸ்ட்ராப்பும் இறுகி நிற்கலாம், இடைஞ்சல் என்றால் அதையும் கழற்றிக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகுதான் யூ போல்ட் நட்டு, அடித்தட்டு, பின் ஷாக்கிள், கடைசியாக முன்கண் போல்ட்.

அந்த முன்கண் போல்ட்டில்தான் உங்கள் ஞாயிற்றுக்கிழமை கரையும். நட்டு கழன்று வந்துவிடும், போல்ட் வராது. கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் உள்ளே உள்ள இரும்புக் குழலோடு அது துருவால் ஒட்டிப்போயிருக்கும், பானா போட்டுத் திருப்பினால் போல்ட்டும் குழலும் சேர்ந்து சுழலும், ரப்பர் முறுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே துள்ளித் திரும்பும். இந்த இடத்தில் கேஸ் கட்டர் கொண்டு வந்து சூடு வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். வலது பக்கம், அதாவது உங்கள் டிரைவர் பக்கம், பின்சக்கரத்துக்கு முன்னால்தான் எஸ்யு பெட்ரோல் பம்ப் இருக்கிறது, பெட்ரோல் குழாயும் அந்தப் பக்கம்தான், பேட்டரிப் பெட்டியும் அங்கேயே. ரம்பத்தின் பிளேடைக் கையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்கும் ஹேங்கருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் விட்டு இரண்டு பக்கமும் அறுங்கள். ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

கழற்றிய பட்டையையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். கண்ணில் இருந்து கண், நடுபோல்ட்டில் இருந்து முன்கண் வரை, இரண்டையும் டேப்பால் அளங்கள், முன்பக்கம் எது என்று சாக்பீஸால் எழுதுங்கள். மாட்டுவது தலைகீழ் வரிசை. முன்கண் போல்ட்டை நுழைத்து நட்டைக் கையால் மட்டும் திருகி விடுங்கள், பின் ஷாக்கிளுக்கு ரப்பர் அரைப் புஷ்களைச் சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றுங்கள், கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறிக் கெடும். ஜாக்கியால் ஆக்ஸிலைப் பட்டையோடு உட்கார வைக்கும்போது நடுபோல்ட்டின் தலை அதற்கான துளையில் சரியாக விழுந்ததா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். விழாமல் யூ போல்ட்டை இறுக்கினால் ஆக்ஸில் ஒரு பக்கம் முன்னால் தள்ளி நிற்கும், வண்டி நேர் ரோட்டிலும் நண்டு மாதிரி போகும். நான்கு நட்டையும் குறுக்குக்குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசி இறுக்கத்தை உங்கள் வருட மாடலுக்கான ஒர்க்‌ஷாப் மேனுவலில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முடியுங்கள்.

முன்கண்ணையும் ஷாக்கிளையும் மட்டும் இன்னும் இறுக்கக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான், பட்டறைக்காரர்களும் தவறுகிறார்கள். முன்கண் புஷ் பேரிங் மாதிரிச் சுழலாது. ரப்பர் உள்ளேயும் வெளியேயும் இரும்போடு ஒட்டிப் பிடித்திருக்கும், முறுக்கி முறுக்கித்தான் அசைவைக் கொடுக்கும். சக்கரம் தொங்கும் நிலையில் நீங்கள் இறுக்கிவிட்டால் அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு. வண்டியைத் தரையில் இறக்கியதும் அது முழு முறுக்கில் நிற்கும், நாள் முழுவதும், பார்க்கிங்கில் சும்மா நிற்கும்போதுகூட. முறுக்கிய ரப்பர் பட்டைக்கு உதவியாகப் பாடியை மேலே தள்ளும், அதனால் வண்டி உயரமாகத் தெரியும், சில மாதத்தில் ரப்பர் கிழிந்ததும் தாழும், அதுவும் ஒரு பக்கம் முதலில் கிழிந்தால் சாய்ந்து தாழும். எந்தப் பட்டறை என்று சொல்ல வேண்டியதில்லை, என்னிடம் வந்த ஒரு வண்டியில் எட்டே மாதப் புஷ்ஷை வெளியே எடுத்தால், உள்குழல் தனியாகக் கையோடு வந்தது, ரப்பரில் கிழிசல் வட்டமாக, கத்தியால் சீவினது போல. புஷ்ஷில் ஒரு குறையும் இல்லை, இறுக்கிய நேரம்தான் தப்பு.

அதனால் எடையைப் பட்டைக்குத் திருப்பிக் கொடுத்த பிறகு இறுக்குங்கள். தரையில் இறக்கினால் அடியில் கை போகாது என்பீர்கள். ஆக்ஸிலைத் தூக்கி, பாடிக்குக் கொடுத்த ஸ்டாண்டுகளை எடுத்துவிட்டு, அதே ஸ்டாண்டுகளை ஆக்ஸிலுக்கு அடியில், பட்டைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே வையுங்கள். இப்போது பாடி பட்டையின் மேல் நிற்கிறது, உங்களுக்கும் உள்ளே போக இடம் இருக்கிறது. பின் பம்பரைப் பிடித்து நாலைந்து முறை மென்மையாக அழுத்தி விடுங்கள், உட்கார வேண்டியது உட்காரும். அப்புறம் இறுக்குங்கள்.

ஷாக் பற்றிச் சுருக்கமாக. பாடியில் இரண்டு போல்ட், கீழே லிங்க், அவ்வளவுதான், இடது வலது மாறக் கூடாது. மாட்டுவதற்கு முன் நிமிர்த்தி வைஸில் பிடித்து, மேல் பிளக்கைத் திறந்து ஆயில் மட்டம் பார்த்து, ஷாக்கின் கையை மேலிருந்து கீழ் வரை முழு வீச்சில் பத்துப் பன்னிரண்டு முறை மெதுவாக ஆட்டுங்கள். முதலில் நடுவில் ஒரு இடத்தில் வெறுமையாக நழுவும், அது உள்ளே இருக்கும் காற்று. ஆட்ட ஆட்ட எதிர்ப்பு ஒரே சீராக வர வேண்டும். வரவே இல்லை என்றால் புதிதாக இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். ஆயில் குறைந்திருந்தால் பைக் ஃபோர்க் ஆயிலில் 20 கிரேடு ஊற்றலாம், இஞ்சின் ஆயிலும் பிரேக் ஆயிலும் கூடாது. லிங்கின் ரப்பர் பழசாக இருந்தால் அதையும் மாற்றுங்கள், அது ஆடினால் புது ஷாக் போட்டும் பலன் இல்லை.

இன்றைய கார்களில் இருக்கும் குழாய் வடிவ டெலஸ்கோபிக் ஷாக்காக மாற்றிவிடச் சொல்லி நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் நான் சொல்வது அபிப்பிராயம்தான், முடிவான தீர்ப்பு இல்லை. என் கையால் அப்படி மாற்றியது இரண்டு வண்டி மட்டும். இரண்டிலும் வளைவில் பிடிப்பு நன்றாக இருந்தது, ஆனால் நம் ரோட்டுக் குழிகளில் பின்பக்கம் உதைத்தது. ஷாக்கின் விறைப்பு அதிகமாக இருந்ததாலா, கிட்டின் பிராக்கெட் கோணத்தாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வேகமாக ஓட்டுவது உங்கள் நோக்கம் இல்லை, அப்பாவின் வண்டி அப்பா ஓட்டிய மாதிரி போக வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் லீவரே இருக்கட்டும். பழைய பட்டையை வளைத்துத் தரும் பட்டறைக்கும் போகாதீர்கள், கேஸ் சூட்டில் வளைத்த பட்டைக்கு அதன் பதம் போய்விடும், கொஞ்ச நாளில் மறுபடி படுத்துவிடும்.

மாட்டி முடித்ததும் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்துதான் நிற்கும், பதறாதீர்கள். புதுப் பட்டை சில நூறு கிலோமீட்டர் ஓடி உட்கார வேண்டும். ஹம்ப்பில் சைலன்சர் இடிக்காமல் இருக்கிறதே என்று உங்களுக்கு அந்த உயரம் பிடித்தும் போகலாம், ஆனால் அது நிலைக்காது. முதல் 100 கிலோமீட்டரில் யூ போல்ட்டுகளை மறுபடி டார்க் பாருங்கள், ரப்பர் பேட் அமுங்கி நிச்சயமாகக் கொஞ்சம் இளகியிருக்கும். 500 தாண்டியதும் அதே இடத்தில், அதே பிளைவுட் துண்டுகளோடு, நான்கு சக்கரத்தையும் மறுபடி அளங்கள். அப்போதும் வலது பக்கம் கால் இன்ச்சுக்கு மேல் தாழ்ந்திருந்தால், முதலில் எழுதி வைத்த எண்களையும் சேர்த்து இங்கே போடுங்கள். முன் ஸ்பிரிங்கைத் திறக்க வேண்டுமா, பின்பட்டைகளை இடம் வலம் மாற்றிப் போட்டாலே போதுமா என்று அந்த எட்டு எண்களை வைத்துச் சொல்கிறேன்.